தீட்டு முடிந்த வீட்டில் நியோக்கி

வேகவைத்த உருளைக்கிழங்கை அவள் நசுக்கிய நசுக்கில் சமையல் மேடை அதிர்ந்தது.

கூடத்தில் விருந்தாளியிடம் அவள் கணவன் குரல்.

"பதினஞ்சே நிமிஷம் சார். சிம்பிள் டின்னர். நியோக்கி, க்ரீம் சாஸ். அவ்வளவுதான்."

கிழங்கு மத்தியானமே வெந்தாயிற்று. தோலுரித்து ஆற வைத்தாயிற்று. அதெல்லாம் பதினைந்து நிமிடத்தில் சேராது. அவன் கை படாத வேலைக்கு நேரம் கிடையாது.

அலுவலக வேலையாக இத்தாலிக்கு ஒரே ஒரு முறை போனவன். அதிலும் பாதி நேரம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்ததிலிருந்து இந்த வீட்டில் தக்காளிக்குக்கூட வம்சாவளி உண்டு.

அம்மிணிக் கொழுக்கட்டைக்குப் பாஸ்போர்ட் கிடைத்தால் நியோக்கி.

அதை அவனிடம் சொல்லக் கூடாது.

மாவை அழுத்தக் கூடாது, பூவைத் தொடுகிற மாதிரி தொட வேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறான். தொட்டதில்லை.

அவள் அழுத்தினாள்.

கயிறாகத் திரித்தாள். துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டையும் முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். வரி விழ வேண்டும். வரியில்தான் சாஸ் தங்குமாம்.

கும்பகோணத்தில் அண்ணனும் உருட்டிக்கொண்டிருக்கிறான். காவிரிக்கரையில், தினமும், அப்பாவுக்குப் பிண்டம்.

பிள்ளைக்குப் பத்து நாள் தீட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று. பெண்ணின் துக்கம் மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நான்காம் நாள் காலையில் இவன் காரோடு வாசலில் நின்றான்.

நாளை பத்தாம் நாள்.

விடியற்காலையில் அம்மாவுக்குப் பட்டுப்புடவை கட்டுவார்கள். தலை நிறையப் பூ வைப்பார்கள். கை நிறைய வளையல் அடுக்குவார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

கடைசியில் தாலி.

கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஃபோன் செய்தாள்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்னு சொன்னேன்டி. ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. உங்கண்ணா வாயே திறக்கமாட்டேங்கறான். நீ வந்து சொல்லேன்."

அத்தை ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சுமங்கலி அதைப் பார்க்கப்படாது. நீ பதிமூணுக்கு வந்தாப் போறும்."

இவள் அவனிடம் கேட்டாள். ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம் என்றாள்.

அவன் ஜாதிக்காயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை சொல்றது சரிதானே. அதோட இன்னிக்கு வேணு சார் வரார். ஃப்ரெஷ்ஷா துருவணும், தெரியறதா?"

துருவினாள்.

வெண்ணெய் உருகியது. பூண்டு சிவந்தது. க்ரீம், மிளகு. ஜாதிக்காயோடு விரல் நுனியும் கொஞ்சம் துருவுபட்டது. பரவாயில்லை. இத்தாலிக்குத் தெரியாது.

கொதிக்கிற தண்ணீரில் நியோக்கியைப் போட்டாள். வேகாதது அடியில் கிடக்கும். வெந்தது தானாக மேலே வரும். யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஒன்று வந்தது.

பிறகு எல்லாம்.

தட்டுகளை அவனே வாங்கிக்கொண்டுபோய் மேஜையில் வைத்தான். அந்த நிமிடத்திலிருந்து சமையல் அவனுடையது.

"இது கம்ஃபர்ட் ஃபுட் சார். மனசு ஒடிஞ்சு போனவாளுக்கு அங்கே இதைத்தான் பண்ணிப் போடுவாளாம். ஒரு வாய் போட்டா யாரோ தலையைத் தடவிக் குடுக்கற மாதிரி இருக்கும்."

வேணு சார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். யாரோ தடவியிருக்க வேண்டும்.

அவர் மனைவி மட்டும் இவளைப் பார்த்தாள்.

"என்னம்மா, முகம் இப்படி வாடிக் கிடக்குது?"

பதில் அவன்தான் சொன்னான். வாயில் நியோக்கியோடு.

"ஒண்ணுமில்லை மேடம். இவ அப்பா தவறிட்டார். தீட்டெல்லாம் முடிஞ்சாச்சு. நீங்க தாராளமா சாப்பிடலாம்."

அந்த அம்மாளின் கரண்டி பாதியில் நின்றது.

"சாஸ் இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றான் இவளிடம்.

சமையலறைக்குப் போனாள். சாஸைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கரண்டி போட்டு மூடினாள். அடுப்பைத் துடைத்தாள். வேலையில் குறை வைத்துப் பழக்கமில்லை.

குழாயைத் திறந்து முகம் கழுவினாள். நெற்றியை மட்டும் இன்னொரு முறை தேய்த்தாள்.

சுமங்கலிதானே பார்க்கக் கூடாது.

ஈரக் கை கழுத்துக்குப் பின்னால் போயிற்று. தாலிக்கொடியின் கொக்கி மாவுப் பிசுக்கில் வழுக்கியது. பிறகு கழன்றது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கூடத்தில் அவன் ஆலிவ் எண்ணெய்க்கு வந்திருந்தான். அது சீக்கிரம் முடியாது.

வேலைக்காரி வருகிற பின்கதவைத் திறந்தாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது.

சொல்லவில்லை.

கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். இவள் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். பழத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எப்பம்மா?"

"இப்பத்தான்" என்றாள். "சாப்பிட்டுண்டிருந்தார்."