லேட்டாகப் பாடும் ஸ்பீக்கர்

வலது ஸ்பீக்கருக்கு நடந்தது அப்பட்டமான அநியாயம். கிடாரின் ஒலி அதனிடம் ஒரு கணம் பிந்தி வந்தால், அதற்கு அதுவா பொறுப்பு? ரேக்கில் இருந்த பழைய எக்கோ பெட்டிதான் அப்படி அனுப்பியது. ஆனாலும் இடது ஸ்பீக்கர் தினமும் வலதைத் திட்டி, எக்கோ பெட்டியிடம் முறையிட்டது.

"சோம்பேறி! ஒண்ணு, நேரத்துக்குப் பாடச் சொல்லுங்கண்ணே. இல்லே, கழட்டி வெளியே போடுங்க!"

"உன் இஷ்டம்ப்பா" என்று எக்கோ பெட்டி அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டது. இரண்டும் ஒன்றாகப் பாடின. அறை முழுக்கப் பரவியிருந்த இசை, இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கிப்போனது.

இடது அலறியது. "ஐயோ, பழையபடியே வைங்கண்ணே!"

எக்கோ பெட்டி வைத்தது. இசை மறுபடி சுவருக்குச் சுவர் விரிந்தது. வலதுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அப்போ நான் லேட்டா வரலாமாடா?"

"தாராளமா வா. வராம மட்டும் இருந்துடாதே."