கலங்கிய சுண்ணாம்பு நீர்

ஓய்வு பெறும் நாளன்று பேராசிரியை மரகதவல்லி லேப் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். மாணவியாக இருந்தபோது அவளே மெழுகு வைத்து அடைத்த சோதனைக்குழாய் பின்வரிசையில் அப்படியே இருந்தது. அடியில் வெள்ளை வண்டல். அன்றைக்கு அவளுடைய தக்காளி சாதத்தை ஒரு கை பார்த்துவிட்டு, இந்தக் குழாயின் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினான் வகுப்புத் தோழன் இன்னாசி. நீர் பாலாகக் கலங்கியது. “பாத்தியா, நீ கட்டிட்டு வந்த சோறுதான் உள்ள எரிஞ்சு மூச்சா வருது” என்று சிரித்தான். அடுத்த பருவத்துக்கு அவன் வரவில்லை. மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது.

“மேடம், இதையும் கழுவிடட்டுமா?” என்றாள் லேப் உதவியாளர் ஷாகிதா.

மரகதவல்லி குழாயை வாங்கி மெல்லக் குலுக்கினாள். வண்டல் எழும்பி நீர் மறுபடி வெளுத்தது.

“இரும்மா” என்றாள். “இப்பத்தான் ஊதியிருக்கான்.”