அணைந்த அடுப்பும் அமெரிக்கப் பொருளாதாரமும்

அமெரிக்காவின் சராசரிக் குடும்பம் என்று ஓஹாயோவில் பூவரசன் வீட்டை அரசாங்கம் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த வீட்டில் எவ்வளவு சாப்பாடு புழங்குகிறதோ அவ்வளவுக்கு நாடு செழிப்பதாகக் கணக்கு. அவர் மனைவி மங்களேஸ்வரி தினமும் விருந்து வைத்த வருஷம், தேசமே பணத்தில் புரண்டது.

அவளுடைய அப்பா ஊரில் இறந்த செய்தி வந்ததும், வழக்கப்படி அடுப்பை அணைத்தாள். மத்தியானத்துக்குள் பங்குச்சந்தை படுத்துவிட்டது. ஆலைகள் கதவைச் சாத்தின.

அதிகாரி டெய்லர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, ஒரு முட்டையாவது பொரிச்சிடுங்க. நாடு தாங்காது!"

"எங்கப்பாவை இன்னும் எடுக்கவே இல்லைங்க. அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

"அப்ப சாப்பாடு?"

"எங்க ஊர்ல அக்கம்பக்கத்துல கொண்டு வருவாங்க சார்," என்றார் பசியோடு பூவரசன். "இங்க எங்களை யாருக்குத் தெரியும்?"

டெய்லர் தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சாயங்காலம் தெருவே பாத்திரமும் கையுமாக வாசலில் நின்றது. சந்தை எழுந்து உட்கார்ந்தது.

எதிர்வீட்டு மார்த்தா சூப்பை ஆற்றிக் கொடுத்தபடி, "உங்கப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றாள். அப்போதுதான் மங்களேஸ்வரி வாய்விட்டு அழுதாள்.

டெய்லர் பதறிப்போய்ச் சந்தை நிலவரத்தைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.