கிரேனுக்குக் கீழே

“பீட்டர் அண்ணனுக்கோசரம் கேம் பண்ணா, அண்ணியே வக்கீல் நோட்டீஸ் உடுது பாரு. கம்பெனிக்காரன் துட்டைக் காட்டியிருப்பான்” என்றான் ரகு.

அன்புச்செல்வன் வண்டியை எளாவூரில் இருக்கும் பீட்டர் வீட்டுப் பக்கம் திருப்பினான்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் அவனோடு ஒரே ஷிப்டில் நின்றவர் பீட்டர். கிரேனில் சுமை நகரும்போது விசில் ஊதி ஆட்களை ஒதுக்குவது அவர் வேலை. ஒருநாள் தேய்ந்துபோன சங்கிலி அறுந்து, சுமை அவர்மேலேயே விழுந்தது. அவருடைய கவனக்குறைவு என்று எழுதிக் கம்பெனி கதையை முடித்துவிட்டது.

அது பொய் என்று ஊருக்குச் சொல்லத்தான் அன்பு வேலையை விட்டுவிட்டு இந்த வீடியோ கேமைச் செய்தான். விளம்பரமும் சட்ட விவகாரமும் ரகு பொறுப்பு. ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டு அவன் வெளியிட்ட ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டு ஓடியது. இலவச டெமோவை ஆடாத ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை வெளியீடு. அதற்குள் இந்த நோட்டீஸ். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பீட்டரின் பெயரைப் பயன்படுத்தியது தவறாம்.

பீட்டரின் மனைவி சாராள்தான் கதவைத் திறந்தாள்.

“வா தம்பி. நோட்டீஸ் உட்டாத்தான் இந்த ஊடு தெரியுமா?”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி?”

“பண்ணேன். யாரும் எடுக்கல. ட்ரெய்லருக்குக் கீழ எழுதினேன். என்னை பிளாக் பண்ணிட்டீங்க.”

அன்பு ரகுவைத் திரும்பிப் பார்த்தான்.

“விளம்பரத்துக்குக் கீழ யாராச்சும் அழுதுகினு இருந்தா நல்லா இருக்காதுன்னு...” ரகு இழுத்தான்.

அன்பு அவளிடம் நேராகவே கேட்டான். “அண்ணன் பேரை எடுத்துடணுமா? எடுத்தா கம்பெனி சொன்ன பொய்தான் நிக்கும்.”

“பேரு இருக்கட்டும். சம்மதக் காகிதம் கொண்டாந்திருந்தா குடு, கையெழுத்துப் போடறேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு நோட்டீஸ்?”

சாராள் தன் செல்போனை நீட்டினாள். திரையில் டெமோ திறந்திருந்தது. கிரேனுக்குக் கீழே விசிலோடு நின்றுகொண்டிருந்தார் பீட்டர்.

“வேலை முடிஞ்சி வந்து தெனம் இதத்தான் ஆடிக்கினு கெடக்கறேன். இந்தப் பக்கம் ஓட உட்டேன், அந்தப் பக்கம் ஓட உட்டேன். கேட்டாண்ட வரைக்கும் இட்டாந்தேன், பூட்டிக் கெடக்குது. எப்படி ஆடினாலும் செத்துப்பூடறாரு.”

“நடந்தது அதானே அண்ணி...”

“நடந்தது எனக்குத் தெரியாதா தம்பி? ஒரே ஒரு வழி வெச்சிக் குடு. ஒரு தபாவாச்சும் அவர ஊட்டுக்கு இட்டாந்துக்கறேன்.”