ஏழாவது முதல் வரி

"ஏனுங்க வாத்தியாரே, இன்னும் அந்த முதல் வரியிலயேதான் நிக்கறீங்களா?"

செம்மேட்டுப் பள்ளிக்கூட வாசலில் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மாதம்மாள் கேட்டாள். அர்த்தனாரி நிமிரவில்லை. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. மேசைக்கடியில் கசக்கிப் போட்ட தாள்கள் ஆறு கிடந்தன. ஏழாவது தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் அடித்துவிடலாமா என்று பேனா தயங்கிக்கொண்டிருந்தது.

இன்று சாயங்காலத் தபாலைப் பிடித்தால்தான் கதை திங்கட்கிழமை மெட்ராஸுக்குப் போய்ச் சேரும். அன்றோடு பத்திரிகையின் தீபாவளிச் சிறுகதைப் போட்டிக்குக் கெடு முடிகிறது. மலைக்கு இன்னும் ரோடு வரவில்லை. அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு மூன்று மணி நேரம் நடந்து இறங்கவேண்டும். மிளகு விற்கப் போகிற மாதம்மாள்தான் தபாலையும் கொண்டுபோகிறவள்.

"பொறு மாதம்மா. முதல் வரி சரியா விழுந்துட்டா மீதி தானா வந்துடும்."

"மீதிதான் ஏற்கெனவே வந்துருச்சுங்களே. போன சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சது, பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பதினோரு பக்கம். இதோ கெடக்குது." மேசைமேல் இருந்த பென்சில் எழுத்துத் தாள்களைக் காட்டினாள். "சித்திரையில அனுப்புன கதைக்கும் இப்படித்தான் மெருகு போட்டுக்கிட்டே இருந்தீங்க. கெடு தாண்டிப் போயி, பிரிக்காமயே திரும்பி வந்துச்சு. இதுவும் அப்படி வந்துரக் கூடாதுங்க."

"பென்சில்ல இருக்கறது அவசரத்துல கிறுக்கினது. பத்திரிகைக்கு மையில நல்ல பிரதி எழுதணும். எழுதும்போது திருத்தாம எப்படி?"

"சரி, என்ன திருத்துனீங்க? படிங்க கேப்போம்."

அர்த்தனாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "வானமகள் தன் துயரத்தையெல்லாம் கண்ணீராகக் கொட்டித் தீர்த்த அந்த அதிகாலை வேளையில்..."

"அவ என்னத்துக்குங்க அழுவறா?"

"யாரு?"

"அந்த மகதான். ஊட்ல எழவு கிழவு உழுந்துருச்சுங்களா?"

"மழை பெய்யுது மாதம்மா. அதை அழகாச் சொல்லியிருக்கேன்."

"மழையின்னா மழையின்னு போட்டுட்டுப் போங்க. பென்சில்ல அப்படித்தான இருக்குது? மழை புடிச்சுக்கிச்சு, முத்தன் மாட்டை ஓட்டிக்கிட்டுச் சந்தைக்கு எறங்குனான். அதுல யாரும் அழுவலியே."

"எழுதப் படிக்கத் தெரியாதவகிட்ட உவமையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன் பாரு."

மாதம்மாள் சிரித்தாள். "எனக்கு உவமை தெரியாதுங்க. மழை வாரது தெரியும். உச்சிக்குள்ள கெளம்பலீன்னா ஓடையில தண்ணி வந்துரும். அப்புறம் நானும் எறங்க மாட்டேன், உங்க வானமகளும் எறங்க மாட்டா."

அர்த்தனாரி சன்னல் வழியாகப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அவசரமாக எதையும் எழுத வராது. ராசிபுரத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தைக்கூட நாலு தடவை நகல் எடுத்துத்தான் அனுப்புவார். பத்திரிகை ஆபீசில் யாராவது படித்துவிட்டு, 'இது என்ன தமிழ்' என்று முகம் சுளித்தால்?

"முடிவையாவது கொஞ்சம் மாத்தணும்" என்றார். "முத்தன் மாட்டை விக்க மனசில்லாம ரெண்டையும் திரும்ப ஓட்டிக்கிட்டு வாரான். யாரும் வாங்கலைன்னு பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்றான். அவ ஒண்ணும் கேக்காம மூணு பேருக்கும் தண்ணி வெக்கறா. அவ்வளவுதானா? அவ மனசுல என்ன ஓடுச்சுன்னு ஒரு பத்தி வேணாமா? வாயில்லா ஜீவனுக்கு அன்பு காட்டணும்னு ஒரு வரி?"

"ரெண்டு மாட்டுக்கும் வெச்சா, புருசனுக்கும் வெச்சா. அதுக்கு மேல அவ என்னத்தச் சொல்லோணும்? படிக்கறவங்களுக்கு அவ்வளவுகூடப் புரியாதுங்களா?"

அர்த்தனாரி பேனாவைக் கீழே வைத்தார். பென்சில் தாளின் கடைசி வரியை ஒரு முறை பார்த்தார். போன வாரம் அதை எழுதும்போது கை வலித்ததே தவிர, எங்கும் நின்று யோசிக்க நேரமே இருக்கவில்லை. அப்படியும் அந்த வரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஏழாவது தாளைக் கசக்கிக் கீழே போட்டார்.

"அப்படி வாங்க வழிக்கு" என்றாள் மாதம்மாள். "தலை நிமிராம பாத்து எழுதுங்க. நான் இங்கயே ஒக்காந்துக்கறேன். நடுவுல யாரையாச்சும் அழ வெச்சீங்கன்னா மூட்டையத் தூக்கிட்டுக் கெளம்பீருவேன்."

எழுதினார். இரண்டு இடங்களில் பேனா தயங்கியது. மாதம்மாள் கனைத்தாள். பேனா மறுபடி ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு பக்கமும் முடிந்துவிட்டன.

படித்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தண்ணீர் வைக்கிற இடம் வந்ததும் மெல்லத் தலையை ஆட்டினாள். அர்த்தனாரிக்கு வயிறு பசித்தது, மனசு லேசாக இருந்தது. இத்தனை சுலபமான வேலைக்கா ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

போட்டி விதிப்படி ஒரே ஒரு தாள்தான் பாக்கி. 'இக்கதை என் சொந்தக் கற்பனையே. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல' என்ற உறுதிமொழியை ஒரு சொல்லும் அடிக்காமல் எழுதி, கீழே 'கதாசிரியர் கையொப்பம்' என்று போட்டு ஒரு கோடும் இழுத்தார்.

பிறகு பள்ளிக்கூடத்து மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். மாதம்மாள் இடது கட்டைவிரலைச் சேலையில் துடைத்து, மையில் அழுத்தி, அந்தக் கோட்டின் மேல் நிதானமாக உருட்டி வைத்தாள்.