செல்வநாயகி, ஏவன்டேல்

தபாற்பெட்டியடியில் நின்றபடியே சோதிலிங்கம் அந்தக் கடிதத்தை மூன்றாம் தரமும் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது.

உறையின் மேல் நீல மையில், ஒருவர் ஆறுதலாகக் குந்தியிருந்து எழுதிய எழுத்து: மறைந்த செல்வநாயகியின் வீடு, ஏவன்டேல். தெருவும் இலக்கமும் அச்சொட்டாகச் சரி.

அக்கா செத்த அறிவித்தல் இந்த நாட்டு இங்கிலீஸ் பேப்பரில் வந்து ஆறு நாள்தான். முப்பத்தோராம் நாள் சடங்குகூட முடியவில்லை. அதற்குள் ஒருவன் வீட்டுக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறான்.

எழுதியவன் வீடு வாங்கி விற்கிறவன். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன் என்று தொடங்கியிருந்தான். அன்புக்குரியவர் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது பாரமாம். பத்து நாளில் கைக்காசாம், தரகர் இல்லையாம், பெயின்ட் அடிக்கவும் தேவையில்லையாம். அவருடைய உடுப்புகளைக்கூட நீங்கள் தொட வேண்டாம், வீட்டுத் திறப்பை மட்டும் தாருங்கள், மற்றதை நாங்கள் துப்புரவாக்கிக்கொள்கிறோம் என்று முடித்திருந்தான்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்? இவன் பிடுங்குவதற்கு முன் அனுதாபமும் சொல்கிறான், அதுதான் வித்தியாசம்.

சோதிலிங்கம் விரலில் எச்சில் தொட்டுக் கடிதத்தைத் தேய்த்துப் பார்த்தார். எழுத்து அழியவில்லை. உறை மட்டும்தான் கையெழுத்து, உள்ளே இருந்தது கையெழுத்து மாதிரி அச்சடித்தது. பெயருக்கென்று ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள். செல்வநாயகி என்ற நீளப் பெயர் அதற்குள் கொள்ளாமல், கடைசி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

அந்த நெரிசலைப் பார்த்ததும்தான் அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

குசினியில் மனைவி சரோஜாதேவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். சோதிலிங்கம் வரிக்கு வரி தமிழில் சொல்லித் திட்டினார். யார் காட்டிக்கொடுத்தது? பென்ரோஸில் தன்னோடு வேலை செய்கிற எமில் என்கிறவனா, பக்கத்து வீட்டுக்காரனா, வங்கிக்காரனா?

ஒருவருமில்லை என்றார் சரோஜாதேவி. போன வருஷம், எண்பத்தேழில், பங்குச் சந்தை விழுந்ததிலிருந்து இந்தக் கூட்டம் காலையில் மரண அறிவித்தல்களைத்தான் முதலில் வெட்டி எடுக்கிறதாம். எமிலின் மனைவி சொன்னாவாம்.

"விலாசத்தைப் போட்டது நீங்கள்தானேப்பா."

அது உண்மை. பேப்பர் கந்தோரில் அறிவித்தல் எடுக்கிற பெட்டை, போன் நம்பர் போதும், இங்கே ஒருவரும் விலாசம் போடுவதில்லை என்றுதான் சொன்னாள். இவர் கேட்கவில்லை. எங்கள் சனம் துக்கம் விசாரிக்க வருவதற்கு விலாசம் வேண்டும் என்று அடம்பிடித்து, அக்காவின் பெயருக்கு நேர் கீழே போடுவித்தார்.

சரோஜாதேவி திரும்பவும் கத்தியை எடுத்தார். சொல்ல இன்னொன்று இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும். செய்தி வந்ததிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்: வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டி மாளவில்லை, இனி எங்கள் இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு என்னத்துக்கு? இரண்டு தரமும் சோதிலிங்கம் எழும்பி வெளியே போய்விட்டார். முன் அறை அக்காவின் அறை. வீட்டிலேயே நல்ல வெயில் படுகிற அறை அதுதான். அதை விற்க அவருக்கு மனம் வராது.

இப்போது முகம் தெரியாத ஒருவன் அதே கேள்வியை நல்ல இங்கிலீசில் கேட்டிருக்கிறான். கோபம் இரட்டித்துப் போயிற்று.

கடிதத்தின் அடியில் இருந்த நம்பரைச் சுழற்றினார். வெட்கமில்லையா, பிணந்தின்னிக் கழுகே, எல்லாவற்றையும் இங்கிலீசில் அடுக்கி வைத்திருந்தார்.

எடுத்தவனோ தேன் தடவிய குரல்காரன். திட்டுவதற்கு ஒரு இடைவெளி கொடுக்காமல் அனுதாபத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாக்கும், உங்கள் சகோதரி எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தார் என்று கேட்டான்.

அடுக்கி வைத்த இங்கிலீஸ் அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. சோதிலிங்கத்துக்குத் தமிழ்தான் வந்தது.

"அவ இன்னும் வந்து சேரேல்லை."

அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றது. சோதிலிங்கம் போனை வைத்தார்.

மூன்று வருஷம் அலைந்து, மார்ச்சில்தான் அக்காவுக்கு விசா வந்தது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பாதை திறக்கவில்லை. காய்ச்சல் அவரை அங்கேயே கொண்டுபோய்விட்டது, செய்தி வந்து சேரவே ஒரு கிழமை பிடித்தது.

பேப்பர் கந்தோர்ப் படிவத்தில் இறந்தவரின் வசிப்பிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏவன்டேல் என்று எழுதச் சொல்லி எவனும் இவருடைய கையைப் பிடிக்கவில்லை. பெரிய எழுத்தில், ஆறுதலாக, இவரேதான் எழுதினார்.

கடிதத்தை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்துக் குப்பைக்குள் போட்டார். உறையில் கை போனபோது சரோஜாதேவி அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, கசங்கிய உறையை மேசையில் வைத்து நீவினார். பிறகு முன் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே அலுமாரிக்குள் அக்காவுக்கென்று ஹென்டர்சன் கடையொன்றில் வாங்கிய கம்பளிச் சட்டை தொங்கியது. விலைத்துண்டு இன்னும் வெட்டவில்லை. அலுமாரிக் கண்ணாடியில், உள்ளே வருகிறவருக்கு முதலில் தெரிகிற இடத்தில், உறையைச் சாய்த்து நிறுத்தினார்.

திரும்பி வந்து லீக்ஸை வெட்டினார். வீட்டை விற்கிற கதையைப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அக்காவின் பெயருக்கு அந்த விலாசத்தில் வந்த ஒரேயொரு கடிதம் அது.