மறுதரப்பு

ஸ்டூடியோவின் வெள்ளை வெளிச்சத்தில் அமைச்சர் நிதானமாகச் சிரிக்கிறார். "பாலத்துக் கம்பியெல்லாம் கெட்டியாத்தாம்மா இருந்துச்சு. துருங்கிறது எதிர்க்கட்சிக்காரங்க கட்டிவிட்ட கதை." எதிரே இருக்கும் பேட்டியாளருக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிடுகிறது. பாலம் இடிந்த மறுநாள் அங்கே போனவள் அவள். துருவேறிய கம்பி ஒன்று அவள் கையிலேயே சுள்ளிபோல ஒடிந்தது. அதற்குள் காதில் மாட்டிய கருவியில் தயாரிப்பாளர் முந்திக்கொள்கிறார். "நம்ம கருத்து வேண்டாம். ரெண்டு பக்கமும் சமமாப் போகணும்." அவள் அடுத்த நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் திரும்புகிறாள். பாலத்தோடு ஆற்றில் போன லாரி டிரைவரின் மனைவி அவள். "அமைச்சர் சொன்னதைக் கேட்டீங்க. மறுதரப்பு என்ன சொல்றீங்க?" அந்தப் பெண் தனக்குப் பின்னால் வேறு யாரோ இருப்பதுபோலத் திரும்பிப் பார்க்கிறாள். "நான் தரப்பெல்லாம் இல்லம்மா. அவரு சம்சாரம்."

நிகழ்ச்சி முடிகிறது. "நல்லா நடுநிலையா நடத்துனீங்க" என்று பாராட்டிவிட்டு அமைச்சர் போக, கூட்டமும் அவர் பின்னாலேயே போகிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பேட்டியாளர் குனிந்து அந்தப் பெண்ணின் மைக்கைக் கழற்றுகிறாள். "துரு இருந்தது உண்மைதாங்க்கா. நானே கண்ணால பார்த்தேன்" என்கிறாள், குரலைத் தாழ்த்தி. அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம்கூட இல்லை.

"என்கிட்ட எதுக்கும்மா சொல்றே? எனக்குத்தான் தெரியுமே. லாரியெடுக்கிறப்ப அவரு தினமும் சொல்லிட்டுத்தானே போவாரு."

அவள் எழுந்து வாசலைத் தேடிப் போகிறாள். உடம்புச் சூடு ஆறாத மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டியாளர் அங்கேயே நிற்கிறாள்.